நடுக்கழியில் நின்ற இன்ஜின்

எண்ணூரில் நான் ஓட்டிக்கொண்டிருந்த மோட்டார் போட், ஒரு வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு படுத்த ஆரம்பித்தது. நான் தனியாக ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆஸ்பத்திரி நர்சம்மா ஏறினால் பாதி வழியில் மூச்சு வாங்கும். சில நாள் நின்றே போகும். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். எதுவும் என்னை இப்படி அலைக்கழித்ததில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன அப்போது. நான் ராயபுரத்துக்காரன். துறைமுக லாஞ்சுகளில் வேலை கற்றவன். சண்டைக் காலத்தில், குண்டு விழப் போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டிக் கிளம்பியபோது, என் மனைவியை அவள் தாய்வீட்டுக்கு ரயிலேற்றி அனுப்பினேன். துறைமுகத்தில் எனக்கு லீவு இல்லை. போன இடத்தில் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. தந்தி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை குட்டி இல்லை. ராயபுரத்து வீட்டிலேயே சில வருஷம் இருந்து பார்த்தேன். சாயங்காலமானால் பக்கத்துப் போர்ஷன்களில் தாளிக்கிற வாசனை வரும், பிள்ளைகளை அதட்டுகிற சத்தம் கேட்கும். நான் வேலையிலிருந்து வந்து பூட்டைத் திறந்து உள்ளே போய், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்து, காலையில் மறுபடி பூட்டுவேன். எண்ணூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குப் போட் ஓட்ட ஆள் வேண்டும், தங்க இடமும் தருவார்கள் என்று கேள்விப்பட்டதும் மறுநாளே போய் ஒத்துக்கொண்டேன்.

தங்க இடம் என்பது போட் கொட்டகையை ஒட்டிய ஓர் அறை. ஒரு ஜன்னல் கழியைப் பார்த்திருந்தது. கடல் முகத்துவாரத்தின் வழியாக உள்ளே நுழைந்து, உப்பளங்கள் வரை கைகளை விரித்துக்கொண்டு கிடக்கும் உப்புத் தண்ணீர் அது. அக்கரையில் மணல் திட்டுகளின் மேல் மீனவர் குப்பங்களும் உப்பளத்துக் கூலிகளின் குடிசைகளும். அங்கே வைத்தியர் கிடையாது. நல்ல தண்ணீருக்கே இக்கரைக்கு வரவேண்டும். வாரத்தில் சில நாள் காய்ச்சல் மருந்து, புண் மருந்தோடு கம்பவுண்டர் போவார். பிரசவம் பார்க்க நர்சம்மா போவார். அவசரமென்று ஆள் வந்து நின்றால் எந்த நாளானாலும் கிளம்ப வேண்டும்.

போட் சிறியது. நடுவில் ஒற்றை சிலிண்டர் இன்ஜின். முன்பக்கம், உட்காருகிற பலகை உயரத்தில் மண்ணெண்ணெய் டாங்கி. அதன் மேலே பலகை அடித்திருந்தது. டாங்கியின் மூடி மட்டும் அந்தப் பலகைக்கு மேல் ஒரு விரல் கனம் நீட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் பக்கத்தில் ஒரு சின்ன பெட்ரோல் டப்பா. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பெட்ரோல் கிடைப்பது அருமை என்பதால் கிளப்புவதற்கு மட்டும்தான் அது.

அதுவரை இருந்த வயதான மருத்துவச்சி வேலையை விட்டுப் போனதும், அந்த இடத்துக்கு நர்சம்மா வந்தார். திருநெல்வேலிச் சீமைக்காரர். கிறிஸ்தவர். நாற்பதை நெருங்கிய வயது. வெள்ளைச் சேலை, பொட்டில்லாத நெற்றி, கையில் ஒரு தகரப் பெட்டி. முதல் நாளே என்னை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டார். அந்தப் பக்கத்தில் மரியாதைக்கு அப்படிச் சொல்வார்களாம். ராயபுரத்தில் என்னை எல்லோரும் 'நைனா', 'மாமு' என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணாச்சி என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

அவர் வந்து ஒரு மாதம் ஆகியிருக்காது, கோளாறு தொடங்கியது.

முதல் தடவை நன்றாக நினைவிருக்கிறது. காற்றில்லாத காலை. கழி கண்ணாடித் தகடு போலக் கிடந்தது. வலை கட்ட மீனவர்கள் நட்டிருந்த கம்பு வரிசையைத் தாண்டினோம். இன்ஜினின் சத்தம் மாறியது. தட்தட்தட் என்று ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது ஒரு துடிப்பை விட்டது. பிறகு இரண்டு. கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல். வேகம் குறைந்து, மறுபடி தானாகவே பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடியது. அப்புறம் ஒரேயடியாக நின்றது. போட் தன் வேகத்திலேயே கொஞ்ச தூரம் வழுக்கிப் போய் அசையாமல் நின்றது.

"என்ன அண்ணாச்சி, என்ன செய்யுது?"

"பார்க்கிறேம்மா. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும்."

பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்து கொட்டினேன். டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முன்பக்கம் போனேன். நர்சம்மா எழுந்து தன் பெட்டியை எடுத்து வழி விட்டார். மூடியைத் திருகிக் குச்சி விட்டுப் பார்த்தேன். முக்கால் டாங்கி இருந்தது. மூடிவிட்டு வந்து ஹாண்டிலைச் சுற்றினேன். கிளம்பிவிட்டது. திரும்பி வரும்போது ஒரு தொல்லையும் இல்லை.

சரி, அழுக்கு, போய்விட்டது என்று நினைத்தேன். நான்கைந்து நாள் கழித்து மறுபடி நின்றது. அதன் பிறகு அடிக்கடி.

மனிதனுக்கு நோய் என்றால் எங்கே வலிக்கிறது என்று கேட்கலாம். எப்போதும் ஓடாத இன்ஜினைச் சரிசெய்வதும் சுலபம், ஓடாத காரணம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். சில சமயம் ஓடி, சில சமயம் நிற்கிற இன்ஜினிடம்தான் ஒன்றும் நடக்காது. நாம் கையில் ஸ்பானரோடு பக்கத்தில் உட்காரும்போது அது சமர்த்தாக ஓடும்.

பெட்ரோலுக்கு மாற்றினால் ஓடுகிறது என்பதால் குற்றம் மண்ணெண்ணெயில் என்று தீர்மானித்தேன். டாங்கியை முழுவதும் வடித்து, அடியில் படிந்திருந்த துருவைச் சுரண்டிக் கழுவினேன். அதன் பிறகு ஒவ்வொரு தகரத்தையும் மல்துணியை நாலாக மடித்து வடிகட்டித்தான் ஊற்றினேன். அப்படியும் நின்றது. செப்புக் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன். தடையில்லாமல் காற்று போயிற்று. கொட்டகையில் வைத்துக் குழாயின் நுனியைத் திறந்து விட்டால் மண்ணெண்ணெய் விறுவிறுவென்று கொட்டியது. ஆக எண்ணெய் வரத்தில் குற்றமில்லை, பொறியில்தான் என்று, அதை உண்டாக்குகிற மேக்னட்டோவைப் பிரித்தேன். ஈரம் இறங்கியிருக்கும் என்று அடுப்புப் பக்கத்தில் வைத்து உலர்த்தினேன். மண்ணடியில் பழைய மோட்டார் சாமான் விற்கிற ஒரு மரைக்காயர் கடைக்குப் போய், வேறு பிளக்கும் கம்பியும் தேடி வாங்கி வந்தேன்.

"சூட்டுல நிக்குதா, சில்லுனு கீறப்ப நிக்குதா?" என்று அவர் கேட்டார்.

"இரண்டிலும் நிற்கிறது பாய்."

"அப்ப அது இன்ஜின் இல்ல. வேற இன்னாமோ."

அவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். வேறு என்ன என்றுதான் தெரியவில்லை.

எனக்குப் புரியாத இன்னொன்றும் இருந்தது. காற்று அடித்து அலை எழும்புகிற நாட்களில் இன்ஜின் தள்ளாடித் தள்ளாடியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தண்ணீர் அசையாமல் கிடக்கிற நாட்களில்தான் நிற்கும். எந்த இன்ஜினும் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

நின்ற நேரங்களில் நாங்கள் பேசினோம். இன்ஜின் ஓடினால் அந்தச் சின்னப் போட்டில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. கத்த வேண்டும். அவர் கத்திப் பேசுகிறவர் இல்லை. நின்றுவிட்டால் நான் குனிந்து எதையாவது கழற்றிக்கொண்டிருப்பேன், அவர் முன்பக்கம் உட்கார்ந்து மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனவர்.

"காணலைன்னு ஒரு காயிதம் வந்துச்சு, அவ்வளவுதான். செத்துட்டாருன்னு யாரும் சொல்லலை. இருக்காருன்னும் சொல்லலை."

"விசாரித்தீர்களாம்மா?"

"எத்தனை பேர்கிட்ட விசாரிச்சாச்சு. கப்பல்ல வந்து இறங்குதவங்க முகத்தைப் பாத்துக்கிட்டு மெட்ராஸ்லேயே நின்னுட்டேன். ஊருக்குப் போனா விதவைன்னு உக்கார வச்சிருவாங்க. இங்க வேலையாவது இருக்கே."

நான் என் மனைவியைப் பற்றிச் சொன்னேன். அவள் போன பிறகு யாரிடமும் அவள் பேரைச் சொல்லிப் பேசியதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. நர்சம்மா ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "என்ன சமையல் நல்லா செய்வாங்க?" என்று கேட்டார். வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு என்றேன். அது எப்படி என்று கேட்டுக்கொண்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தில் முந்திரிக்கொத்து கொண்டுவந்து கொடுத்தார். பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்த கெட்டிப் பலகாரம். அதை அறையில் வைத்துக்கொண்டு நாளுக்கு ஒன்றாகத் தின்றேன்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை, அக்கரைக் குப்பத்திலிருந்து ஒருவன் தோணி தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றான். அவன் மனைவிக்கு முதல் பிரசவம். இடுப்பு வலி எடுத்து முந்தின நாளிலிருந்து துடிக்கிறாள். நர்சம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். காற்றே இல்லை.

கம்பு வரிசைக்கு அப்பால் நின்றது.

"இன்னாங்க, இன்னா ஆச்சு? இப்பப் போயி நிக்குதே!" என்று அந்த ஆள் கையைப் பிசைந்தான்.

நான் பெட்ரோலுக்கு மாற்றினேன். டப்பாவில் இருந்த கொஞ்சமும் தீரும்வரை ஓடி மறுபடி நின்றது. பிளக், கிண்ணம், குழாய் என்று கைகள் தாமாகவே போய்க்கொண்டிருந்தன. பதற்றத்தில் ஒரு நட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு வேறு தேடினேன். அவன் பொறுக்கமாட்டாமல் கழியில் குதித்து இடுப்பளவு தண்ணீரில் போட்டைத் தள்ள ஆரம்பித்தான். ஆழம் வந்ததும் ஏறிக்கொண்டான். கடைசியில் டாங்கியைப் பார்த்துவிட்டு வந்து சுற்றினேன், கிளம்பியது.

நாங்கள் கரை சேரும்போது குடிசையிலிருந்து அழுகை கேட்டது. பெண்களின் அழுகை. குழந்தையின் அழுகை இல்லை. குழந்தை தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிப் பிறந்திருந்தது. நர்சம்மா குழந்தையைக் கையில் வாங்கி, வாயோடு வாய் வைத்து ஊதி, முதுகைத் தேய்த்து, வெகுநேரம் விடவில்லை. நான் வெளியே மணலில் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் அவர் அந்தப் பெண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். தாய் பிழைத்தாள்.

திரும்பும்போது இன்ஜின் ஒழுங்காக ஓடியது. நர்சம்மா எங்கும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு கிளம்பியது. அந்தப் பெண்ணின் மாமியார் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து எங்கள் மேனேஜரிடம் சொன்னாள்: "அந்தம்மா ஏறுனா போட்டு நின்னுடுதுங்க. கம்பவுண்டரு வந்தா நிக்கல. டிரைவரு தனியா வந்தா நிக்கல. வெள்ளப் பொடவையோட அந்தம்மா குந்துனா நடுத் தண்ணியில நின்னுடுது. எங்களுக்கு அவங்க வேணாங்க."

நர்சம்மா உள்ளே ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவும் கேட்டிருக்கும்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ரிட்டையர் ஆன பிறகு தர்மத்துக்கு வேலை பார்த்தவர். என்னைக் கூப்பிட்டு, "நீயே சொல்லு, அவங்க சொல்றது நெசமா?" என்றார்.

"இன்ஜினுக்கு யார் ஏறினார்கள் என்று தெரியாது சார்."

"அது தெரியுமய்யா. ஆனா நிக்குதா இல்லையா?"

நிற்கிறது என்றுதான் சொல்ல முடிந்தது. கம்பவுண்டரோடு எத்தனையோ தடவை போய்வந்தேன். ஒரு தடவை கூட நிற்கவில்லை. வேண்டுமென்றே காற்றில்லாத காலைகளாகப் பார்த்துத் தனியாகவும் போனேன். முகத்துவாரம் வரை போய், உப்பளம் வரை போய், நில்லு, நின்று காட்டு என்று வாய்விட்டே அதனிடம் கேட்டேன். நிற்கவில்லை.

நர்சம்மா தாமாகவே போட்டில் வருவதை நிறுத்திக்கொண்டார். கம்பு ஊன்றித் தள்ளுகிற தோணியில் போய்வர ஆரம்பித்தார். காற்று எதிரே அடித்தால் தோணி நகராது. பாதி நாள் அக்கரையிலேயே மாட்டிக்கொள்வார். குப்பங்களிலும் முன்போல் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு உள்ளே விடுவார்கள். கொட்டகை வழியாகப் போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைப்பார். நின்று பேசுவதில்லை. அந்த மாதங்களில் ராயபுரத்து வீடு எனக்கு அடிக்கடி நினைவு வந்தது. அதற்குத் தப்பி இங்கே வந்தேன், அதுவும் என்னோடு வந்துவிட்டது என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வழியில் போய் நின்றேன்.

"அம்மா, ஒரு தடவை போட்டில் ஏற வேண்டும்."

"எதுக்கு அண்ணாச்சி? நடுவுல நின்னு ஊரே பாக்கவா?"

"நிற்கத்தான் வேண்டும். நின்றால்தான் எனக்குத் தெரியும். நீங்கள் இல்லாமல் அது நிற்கமாட்டேன் என்கிறது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் வந்துவிட்டதோ என்று பயந்தேன். "அப்ப நீங்களும் நம்புதீங்களா?" என்றார்.

"உங்களால் நிற்கிறது என்று நம்பவில்லை. நீங்கள் வருகிறபோது ஏதோ ஒன்று வேறு மாதிரி இருக்கிறது. அது என்ன என்று பார்க்க வேண்டும். எப்போதும் வருவது போலவே வாருங்கள். பெட்டி, சாமான் எல்லாவற்றோடும்."

"சரி, வாறேன்" என்றார்.

மறுநாள் காலை காற்றில்லை. வேலைக்குப் போகிற உடையில், பெட்டியோடு வந்தார். எப்போதும்போல் முன்பக்கம் போய் உட்கார்ந்தார். நான் கிளப்பினேன். இந்தத் தடவை எதையும் அவசரப்பட்டுத் தொடுவதில்லை, நின்றது நின்றபடியே வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று உறுதி செய்துகொண்டிருந்தேன்.

கம்பு வரிசை வந்தது. ஒரு துடிப்பு விட்டது. ஒரு தும்மல். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் இன்ஜின் தும்முவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். நின்றது.

"நின்னுட்டு" என்றார் நர்சம்மா, தலையைத் திருப்பாமல்.

"எழுந்திருக்காதீர்கள். அப்படியே இருங்கள்."

பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்துச் சுற்றினேன். பொறி நீலமாகப் பாய்ந்தது. அதில் குற்றமில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தேன். உள்ளே எண்ணெய் இல்லை. வெறும் ஈரம். குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி, நுனியை உள்ளங்கையில் பிடித்தேன். விறுவிறுவென்று கொட்ட வேண்டியது, ஒரு சொட்டு விழுந்து நின்றது. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு. கொட்டகையில் கொட்டுகிறது, இங்கே சொட்டுகிறது.

டாங்கியில் எண்ணெய் இல்லையோ என்று, குழாயை விடாமல் பிடித்தபடியே, "அம்மா, அந்த மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா பாருங்கள்" என்றேன்.

அவர் எழுந்து பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தார். பெட்டிக்கு அடியில் பிரசவத்துக்கு விரிக்கிற சிவப்பு ரப்பர் விரிப்பு நாலாக மடித்துக் கிடந்தது. அதன் ஓரத்தைப் பிடித்து உரித்து எடுத்தார். பிசின் பிரிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவர் மூடியில் இன்னும் கை வைக்கவில்லை, என் உள்ளங்கையில் மண்ணெண்ணெய் பீறிட்டுக் கொட்டியது. மணிக்கட்டில் வழிந்து சட்டைக் கையை நனைத்தது.

"மறுபடி வையுங்கள்" என்றேன்.

"எதை?"

"அந்த ரப்பரை. அதன் மேல் பெட்டியை. எப்படி இருந்ததோ அப்படியே."

வைத்தார். எண்ணெய் கொஞ்ச நேரம் வந்தது, மெலிந்தது, சொட்டாயிற்று. எடுக்கச் சொன்னேன். கொட்டியது.

டாங்கி மூடியின் நடுவில் குண்டூசி போகிற அளவு ஓர் ஓட்டை உண்டு. எண்ணெய் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் எண்ணெய் இறங்காது. கையால் வாயை மூடிக் கவிழ்த்த பாட்டில் மாதிரிதான். பலகைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த அந்த மூடியின் மேல் ரப்பர், ரப்பரின் மேல் கனமான பெட்டி. ஓட்டை அடைபட்டுவிட்டது. அலையில் போட் ஆடுகிற நாட்களில் பெட்டியும் ஆடி, கொஞ்சம் காற்று உள்ளே போயிற்று. தண்ணீர் அசையாத நாட்களில் போகவில்லை. திரும்பும்போது, கழுவிய விரிப்பை உலர விளிம்பில் போட்டிருப்பார், ஓட்டை மூடாது. முன்பிருந்த மருத்துவச்சி தன் பையை மடியில் வைத்துக்கொள்வார். கம்பவுண்டர் பின்பக்கம் உட்காருவார். நான் ஒவ்வொரு தடவையும் பிளக்கையும் கிண்ணத்தையும் துடைத்துவிட்டு, டாங்கியில் அளவு பார்க்க வருவேன். நான் வருவதற்குள் நர்சம்மா மரியாதையாகப் பெட்டியையும் விரிப்பையும் எடுத்துக்கொண்டு ஒதுங்குவார். மூடியைத் திறந்ததும் காற்று போய்விடும். இன்ஜின் கிளம்பும். துடைத்ததால் கிளம்பியது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பெட்டிதான் காரணம் என்பதை அவரிடமிருந்து மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மூடியில் அழுக்கு அடைத்திருந்தது என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் நான் வாய் திறக்குமுன்பே அவர் கையிலிருந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நடுவில், மூடி அழுந்திய இடத்தில், வட்டமாக ஒரு தடம் இருந்தது.

"இதுதானா அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"போட்டுக்குள்ள தண்ணி கெடக்கும்லா. பஞ்சு நனைஞ்சிரும்னுதான் பெட்டியை மேல வச்சேன். பெட்டி வழுக்கக் கூடாதுன்னு இதை அடியில போட்டேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லையே, இன்ஜின்காரன் எனக்கு."

குழாயை மாட்டிவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் ஒரு ரயில் பாலத்தின் மேல் போகிற சத்தம் தண்ணீர் வழியாக வந்தது. நர்சம்மா விரிப்பை மடித்துக்கொண்டே, "அந்தப் புள்ளை பிழைச்சிருக்குமான்னு எனக்குத் தெரியலை" என்றார். "சுத்திக்கிட்ட கொடி, முன்னாலேயே போயிருந்தாலும் இருந்திருக்கும். எடுத்திருப்பேனான்னு தெரியாது. இத்தனை நாளும் இன்ஜினைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"இப்போதும் இன்ஜினையே திட்டுங்கள். மூடியை அப்படி நீட்டி வைத்தவனைத் திட்டுங்கள்."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

நான் கிளப்பி, போட்டை இக்கரைக்குத் திருப்பினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அக்கரையைக் காட்டினார். சத்தத்துக்கு மேல் அவர் கத்திப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "அங்க போகணும்!"

குப்பத்துக் கரையில் இறங்கினார். விரிப்பையும் எடுத்துக்கொண்டார். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். அந்தப் பெண் குடிசை நிழலில் உட்கார்ந்து கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். பதினெட்டு வயது இருந்தால் அதிகம். மாமியார் வெளியே வந்து, "இன்னாத்துக்கு வந்தீங்க?" என்று குரலை உயர்த்தினாள்.

நர்சம்மா அவளைப் பார்க்கவில்லை. மணலில் அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தார். விரிப்பை விரித்து வட்டத் தடத்தைக் காட்டினார். எண்ணெய் எப்படி இறங்கும், காற்று எப்படிப் போகும், தன் பெட்டி எப்படி அதை மூடியது என்று, குழந்தைக்குச் சொல்வது போல் ஒவ்வொன்றாகச் சொன்னார். "என் பெட்டிதான் போட்டை நிறுத்திச்சு. எனக்குத் தெரியாது. உன்கிட்டச் சொல்லணும்னு வந்தேன்" என்றார்.

திட்டுவதற்குத் தயாராக வந்த மாமியாருக்கு எதைத் திட்டுவது என்று தெரியவில்லை போலிருந்தது.

அந்தப் பெண் விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். தடத்தின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப ஓடுதா?" என்று கேட்டாள்.

"ஓடுதும்மா. இனி நிற்காது."

"எதிர் வூட்ல ஒருத்தி மாசமா கீறா" என்றாள் நர்சம்மாவிடம். "அவளுக்கு வந்து பாருங்க." அவ்வளவுதான். மறுபடி கருவாட்டைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரமே மூடியின் ஓட்டையை அடைத்துவிட்டு, ஒரு செப்புக் குழாயை வாத்துக் கழுத்து மாதிரி வளைத்து டாங்கியில் ஈயம் வைத்துப் பொருத்தினேன். அதற்குப் பிறகு எதை மேலே வைத்தாலும் காற்று போய்க்கொண்டிருந்தது. போட் ஒரு நாளும் நிற்கவில்லை. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நர்சம்மாதான் பிரசவம் பார்த்தார். அதன் பிறகு வேறு பெண்களுக்கும். 'நர்சம்மா வர்றாங்க' என்று கரையில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் இன்ஜின் போகும்போதும் வரும்போதும் இடைவிடாமல் ஓடியது. நான் பின்னால், அவர் முன்னால். நடுவில் அந்தச் சத்தம். கரையில் இறங்கியதும் அவருக்கு வேலை இருக்கும், எனக்கு வேலை இருக்கும். ஏதாவது சொல்ல வேண்டுமென்று தோன்றினால் கையைக் காட்டுவோம். சில நாள் காலையில், கம்பு வரிசை தாண்டுகிறபோது, எண்ணெய்க் குழாயை மெல்லத் திருப்பி மூடிவிட்டால் என்ன என்று எனக்கு ஆசை வரும். குழாயில் கை வைத்தும் இருக்கிறேன். அக்கரையில் யாரோ ஒருத்தி வலியோடு காத்திருப்பாள் என்று நினைத்துக் கையை எடுத்துவிடுவேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. பிறகு ஊரில் அவருடைய அம்மா படுத்த படுக்கையானார். பார்த்துக்கொள்ள வேறு யாருமில்லை. நர்சம்மா வேலையை விட்டார். எண்ணூர் ஸ்டேஷனுக்கு அவருடைய டிரங்குப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பட்டணம் போகிற வண்டி வரக் கொஞ்ச நேரம் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். சத்தம் இல்லை, இன்ஜின் இல்லை, பேசியிருக்கலாம். எனக்கு ஒன்றும் வரவில்லை.

"கருவாட்டுக் குழம்பு வச்சுப் பாத்தேன் அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரி" என்றார். "நல்லா வந்துச்சு."

"புளி குறைவாகத்தானே போட்டீர்கள்?"

"குறைவாத்தான்."

வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டேன். ஜன்னலிலிருந்து கையசைத்தார்.

அவர் இடத்துக்கு வேறு ஆள் வர வெகுநாள் பிடித்தது. அதுவரை கம்பவுண்டரோடு போய்வந்தேன், சில நாள் மருந்துப் புட்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு தனியாகவும். கரையை நெருங்கி இன்ஜினை நிறுத்துவேன். குப்பத்துப் பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு தண்ணீர் ஓரம் வரை வந்து போட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

"இன்னிக்கும் அவங்க வரலியா?"

"வரலை."

"எப்ப வருவாங்க?"

தெரியாது என்று சொல்லிவிட்டுப் புட்டிகளை எடுத்துக் கொடுப்பேன்.